என் வீட்டுக்காரரின் மாணவர்கள்

என் வீட்டுக்காரர் மூட்டு வலி மாத்திரையை அலமாரி மேலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் அன்றைக்கு அவர் வாரம் ஒரு நாள் போகிற கல்லூரிக்குப் போனேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

வாட்ச்மேன் கை காட்டிய பக்கம் வரிசையாக அறைகள். கதவுகளில் ஆங்கிலத்தில் ஏதேதோ எழுதியிருந்தது. யாரிடமும் கேட்கக் கூச்சம். கடைசி அறைப் பக்கமிருந்து உப்புத் தண்ணீர் வாடை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெரிய சிமெண்ட் தொட்டி, நிறையக் கலங்கல் தண்ணீர். அதில் பையன்களும் பெண்களுமாக முழங்கால் நனைய நின்றிருந்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, அடி மணலைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். தொட்டிச் சுவரின் மேல் என் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

பேசிக்கொண்டிருந்தார். அதுதான் என்னைக் கதவருகிலேயே நிறுத்தியது.

"கண்ணத் தொறந்தாலும் ஒண்ணும் தெரியப்போறதில்ல. அதனால மூடியே வைங்க. கடல்ல கீழ போன உடனே மொதல்ல கேக்கது நம்ம நெஞ்சுதான். பக்கத்து வீட்டுல யாரோ உலக்க போடுத மாதிரி கேக்கும். அது நம்ம நெஞ்சுன்னு புரியதுக்கே எனக்கு ரொம்ப நாளாச்சு. மொத வருசம் பூரா பயந்துக்கிட்டேதான் எறங்குனேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

ஒரு பெண் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஏன் சார் சொல்லல?"

அவர் சிரித்தார். "யாரு கேட்டா?"

நான் மாத்திரையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர் சொன்ன அந்த முதல் வருஷம் எங்கள் கல்யாண வருஷம். அந்த வருஷம் முழுக்க அவர் தூங்காமல் புரண்டு புரண்டு படுப்பார். தலையணை சரியில்லை போல என்று நினைத்து, நான் பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து, புதிதாக அடைத்துத் தைத்துக்கொடுத்தேன். அப்புறமும் புரண்டார். மறுபடியும் பிரித்துத் தைத்தேன். அது பயம் என்று எனக்குத் தெரியாது. யாரோ பெற்ற பிள்ளைகள் தொட்டித் தண்ணீரில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டார்கள்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு அம்மா, 'உங்கள் வீட்டுக்காரர் என்ன மாதிரி ஆள் என்று எழுதவே இல்லையே' என்று கேட்டிருந்தார்கள். எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அவர் என்ன மாதிரி ஆள் என்று அந்தத் தொட்டியைப் பார்க்கிற வரைக்கும் நானே சரியாகத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

சோறு, தண்ணி, விளக்கு

அவர் பேர் மிக்கேல். சங்கு குளிக்கிறவர், அதாவது கடலுக்குள் முங்கிச் சங்கு எடுக்கிறவர். என் அப்பாவும் அதே தொழில்தான். அப்பாதான் இவருக்குத் தொழில் பழக்கிவிட்டார்.

எங்கள் வீடு இப்போது மாப்பிள்ளையூரணியில் இருக்கிறது. அங்கிருந்து திரேஸ்புரம் கரைக்குச் சைக்கிளில் போய்விட்டு வருவார். வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். 'சோறு வை', 'தண்ணி குடு', 'விளக்க அமத்து'. வீட்டில் அவர் பேச்சு இவ்வளவுதான். கோபக்காரர் இல்லை. குடிப்பதில்லை. என் மேல் கை நீட்டியதும் இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். எனக்கும் அதிகம் பேச வராது. அதனால் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால்தான் சத்தம். ஒரே மகன், அவனும் கப்பல் வேலைக்குப் போனபின் அந்தச் சத்தமும் குறைந்துவிட்டது.

அப்படி இருந்த வீட்டுக்கு ஒரு நாள் ஸ்கூட்டியில் ஷரீபா மேடம் வந்தார்கள். காயல்பட்டினத்துக்காரர். அந்தக் கல்லூரியில் கடல் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவர். வீட்டு ஆண்கள் எல்லாரும் வளைகுடாவில் இருக்க, தான் ஒருத்தி மட்டும் இந்தக் கடலை விடமாட்டேன் என்று இங்கேயே இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அவர்கள் வந்த விஷயம் இதுதான். பிள்ளைகள் சங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள். ஆனால் உயிருள்ள சங்கு கையில் எவ்வளவு கனக்கும் என்று கேட்டால் தெரியவில்லை. அதனால் புதுப் பாடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு கிடையாது. கடல் தொழில் செய்கிறவர்களோடு சேர்ந்து பிள்ளைகளே செய்து பார்க்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். மறுபடியும் செய்ய வேண்டும். அந்த நாளுக்கு இவர் வர முடியுமா?

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். சரி என்றுவிட்டார்.

முதல் நாள் என்ன நடந்தது என்று என் தம்பி அமலன் வந்து சொன்னான். அமலன்தான் கடலில் அவருக்குத் துணை. கல்லூரிக்கும் துணையாகப் போயிருந்தான்.

"அக்கா, அத்தான் கோயில் திருநாள்ல மைக்கப் பிடிச்ச மாதிரி 'அன்பார்ந்த மாணவச் செல்வங்களே'ன்னு ஆரம்பிச்சாரு. அதோட சரி. பெறகு ஃபேனையே பாத்துக்கிட்டு நின்னாரு. பிள்ளையளும் ஃபேனப் பாக்குது. நானும் பாக்கேன். ஃபேனு நல்லாத்தான் சுத்துது."

நான் சிரித்தேன். அவர் தோற்றுவிட்டு வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி கூட இருந்தது. இனிப் போகமாட்டார் என்று நினைத்தேன்.

மேடம் விடவில்லை. 'அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவங்க செய்யட்டும், தப்புப் பண்ணட்டும். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க' என்றார்களாம். அதுதான் வேலை செய்தது. ஒரு பையன் செத்த சங்கை எடுத்து உயிர்ச்சங்கு என்று தூக்கிக் காட்டியதும், பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. வாய் திறந்துவிட்டார். அப்புறம் மூடவே இல்லை என்று அமலன் சொன்னான்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடிக்கொண்டது.

நான் வாங்கிய முழு மதிப்பெண்

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. ஜன்னல் வழியாகப் பாய்மரம் தெரியும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டுதான் 'முத்து எவ்வாறு உருவாகிறது' என்ற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்தேன். படமும் வரைந்தேன். சிப்பிக்கு ரோஸ் கலர் அடித்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

அன்றைக்கு வரை உயிருள்ள முத்துச் சிப்பி ஒன்றை நான் பார்த்தது கிடையாது. டீச்சரும் பார்த்திருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பாசி பிடித்து, அழுக்காக, உடைந்த ஓடு மாதிரி இருந்தது. நான் அடித்த ரோஸ் கலரை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அதனால் ஷரீபா மேடம் செய்வது சரியா தவறா என்று யாராவது கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் என் குறை. அதைச் சொல்லிக்கொடுக்கிறவரோ என் வீட்டிலேயே இருந்துகொண்டு, 'விளக்க அமத்து' என்கிறார்.

ஒரு நாள் மேடம் எல்லாரையும் கொற்கைக்குக் கூட்டிப்போனார்கள். இவரும் போனார். ஒரு காலத்தில் பாண்டியர்களுடைய துறைமுகம் அது. இப்போது போனால் வயலும் வாழையும்தான். கடல் எட்டப் போய்விட்டது. மேடம் அந்தப் பிள்ளைகளை வாழைத் தோட்டத்துக்குள் இறக்கி, மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொல்லி, கடல் எங்கே போனது என்று நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்களாம். மண்ணுக்குள்ளிருந்து கிளிஞ்சல் வந்திருக்கிறது. இவர் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஆழத்துக் கிளிஞ்சல் இல்லை, கரையோரத்தில் கிடப்பது என்றிருக்கிறார். அதை வைத்தே பிள்ளைகள், அப்படியானால் கரை இங்கேதான் இருந்தது, ஆற்று மண் சேர்ந்து கடல் தள்ளிப்போய்விட்டது என்று யோசித்துப் பிடித்துவிட்டார்களாம்.

இதுவும் அமலன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொற்கைக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த பஸ்ஸைப் பார்க்கிறேன். ஒரு நாளும் நாங்கள் இரண்டு பேரும் அதில் ஏறியதில்லை.

பொறாமைதான்

இதற்கு வேறு நல்ல பேர் வைக்கலாம் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கிடைக்கவில்லை. பொறாமைதான்.

தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாளே, அந்தப் பெண் பேர் நிவேதா. ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் விளைகிற ஊர். அப்பா விவசாயி. ஆற்றில் நீந்துவாளே தவிர, கடலில் அதற்கு முன் இறங்கினதில்லை. என்ன சொன்னாலும் அடுத்த கேள்வி வைத்திருப்பாளாம். அமலன் சொல்லுவான்: "கேட்டே ஆள உரிச்சிருவா அக்கா. அத்தானும் உரிய உரிய உக்காந்திருக்காரு."

தப்பாக நினைக்கக் கூடாது. அவள் எனக்கு மகள் வயசு. அவர் மேல் எனக்கு அந்த மாதிரிச் சந்தேகம் என்றைக்கும் வந்ததில்லை. சந்தேகமாக இருந்தால்கூட நல்லதுதான். நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். இதை யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரர் நல்லபடியாகப் பாடம் எடுக்கிறார், அதனால் எனக்கு வயிறு எரிகிறது என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்ல முடியுமா?

ஒரு தடவை சங்கு மண்ணைத் தின்று வாழ்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த வாரம் நிவேதா ஒரு செத்த சங்கின் வயிற்றை அறுத்து, உள்ளே இருந்த புழுத் துணுக்குகளைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிக் கருவியில் வைத்து இவருக்குக் காட்டியிருக்கிறாள். மண்ணை இல்லை சார், மண்ணுக்குள் இருக்கிற புழுவை. இவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாராம். இத்தனை வருஷம் இது தெரியாமல் போச்சே என்று சந்தோஷப்பட்டாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் முகம் வெளிச்சமாகத்தான் இருந்தது. என்னவென்று நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாப்பிட்டார். நான் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் வகுப்புக்குப் போகிற நாளில் சட்டைக்கு இஸ்திரி போடுவதை நிறுத்தினேன். அவராகவே போட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் தொட்டவர் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிந்தது.

கயிறு

பருவம் முடிகிற நேரத்தில் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானது. ஆழமில்லாத இடம், கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். வள்ளம் அமலனுடையது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு செய்து தர முடியுமா என்று மேடம் என்னைக் கேட்டார்கள். புளிச்சோறும் கருவாட்டுத் துவையலும் செய்துகொண்டு காலையிலேயே திரேஸ்புரம் கரைக்குப் போனேன்.

எங்கள் தெருவில் கடல் தொழில் செய்கிறவன் பெண்சாதி வள்ளத்தில் ஏறமாட்டாள். கரையில் நின்று கூடையை வாங்கலாம். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பேசலாம். உள்ளே கால் வைக்கக் கூடாது. என் அம்மா வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. பெண் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது என்று கரையில் பேச்சு வந்தபோது, பெரியவர்கள் கூடிப் பேசி, படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஏறினார்கள். நான் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். முங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையை மேலே ஒருவர் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவர் இழுக்கிற விதத்தை வைத்து, கயிற்றை விடுவதா, ஆளைத் தூக்குவதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கயிற்றை எங்களில் பெண்சாதியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தன் அக்காளோ தங்கச்சியோ தாலியறுக்கக் கூடாதே என்று அவன் கண்ணசராமல் பிடிப்பான். இப்போது காற்றுக்குழாய், மெஷின் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் கயிறு அமலன் கையில்தான்.

எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. வெளியே சொன்னதில்லை. ஒரு முனையில் அவர், மறுமுனையில் என் தம்பி. நடுவில் இருப்பது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். நான் கடலுக்குள் போகாவிட்டாலும் எனக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று நினைப்பு.

வள்ளம் நின்றது. அவர் இறங்கினார். அமலன் கயிற்றை எடுத்து நிவேதா கையில் கொடுத்தான்.

கரையிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் காலை அகட்டி வைத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அலை கயிற்றை அசைத்திருக்க வேண்டும். பயந்துபோய் இழுத்துவிட்டாள். அவர் தலை மேலே வந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். என் தம்பி ஒரு தடவை அப்படி இழுத்ததற்கு அவர் அவனிடம் பல நாள் முகம் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். தண்ணீரில் மிதந்துகொண்டே, அலை இழுப்பது எப்படி, ஆள் இழுப்பது எப்படி என்று கையால் இழுத்துக் காட்டினார். மறுபடி முங்கினார். இந்தத் தடவை அவள் பொறுத்து நின்றாள். அவர் இழுத்தபோது சரியாகத் தூக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்புறம் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். வயசுப் பையன்கள், பெண்கள், கடைசியில் மேடம். என் வீட்டுக்காரருடைய உயிரை வரிசையாக எல்லாரும் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

வள்ளம் கரைக்கு வந்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டார்கள். "அக்கா, நீங்களும் வாங்களேன். ஒரு தடவ பிடிச்சுப் பாருங்க."

"அக்காவா?" என்றான் அமலன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களைத் திரும்பிப் பார்த்தான்.

அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"சோறு ஆறிப்போவும்" என்றேன் நான். புளிச்சோறு. அது ஆறித்தான் இருந்தது.

அவள் கேட்டாள்

மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேடத்தின் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அந்தத் தப்பிலிருந்து வந்த கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற கேள்வி செல்லாது.

ஒரு பையன் கேட்டான், கயிறு அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று. இன்னொரு பெண், காய்ச்சல் நாளில் முங்கியிருக்கிறீர்களா என்று. ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். கயிறு அறுந்த கதை ஒன்று நிஜமாகவே இருந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டார் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும்? எல்லா நாளையும் போலத்தானே வந்திருப்பார்.

நிவேதா எழுந்து என் பக்கம் வந்தாள். கழுவின பாத்திரங்களைத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள். அவள் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"அத்தை, நீங்க கயிறு பிடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப சார் கீழ இருக்கும்போது வீட்டுல உங்களுக்கு எப்படி இருக்கும்?"

எங்கள் தெருவில் இத்தனை பெண்கள் இருக்கிறோம். ஒருத்தி இன்னொருத்தியிடம் இதைக் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்துவிட்டது. "அதெல்லாம் பழகிட்டு" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்து வந்தது இல்லை. அவள் கேட்டாள். அவளுக்குக் கேட்க வருகிறது. எனக்கு வரவில்லை. அதற்கப்புறம் என் பொறாமை அவள் சிவந்த கையை விட்டுவிட்டு, அவள் நாக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலி சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம் அடுத்த வருசமும் வரச் சொல்லுதாக. போவவா?" என்றார்.

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குள் இருந்ததுதான் முந்திக்கொண்டு வந்தது.

"அந்த நிவேதாகிட்ட கேளுங்க. அவகிட்டதான எல்லாத்தையும் சொல்லுதிய."

தைலம் தேய்த்த கை நின்றது.

"அவ கேக்கா. சொல்லுதேன்" என்றார். தைலப் புட்டியை மூடிவிட்டு, "நீ ஒரு நாளும் கேக்கலியே ஏளா" என்றார்.

குற்றமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக அவருக்குள் இருந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். நான் எப்படிக் கேட்பேன்? கல்யாணத்துக்கு முந்தின நாள் என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடலுக்குப் போய் வந்த மனுஷனிடம் அங்கே நடந்ததைக் கேட்கக் கூடாது, கேட்டால் ஆகாது, மறுநாள் இறங்கும்போது மனசு தடுமாறும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அதைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தேன். அவர் உயிரையே அதில்தான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இருந்தேன்.

அதைச் சொன்னேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கப்பா என்னையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போன மொத நாளு என்ன சொன்னாருன்னு தெரியுமா? கீழ நடக்கத வீட்டுல போயிச் சொல்லாதலே, என் மவ பயந்துருவான்னாரு."

அம்மா என்னிடம் கேட்காதே என்றாள். அப்பா அவரிடம் சொல்லாதே என்றார். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல், எங்கள் இரண்டு பேர் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குள்ளும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் பழையபடி அமைதியாகிவிடுமோ என்று பயம் வந்தது. இப்போது விட்டால் இனி வராது. கையில் நெத்திலிச் செதிளோடு, அவரைப் பார்க்காமல், மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"கீழ இருக்கும்போது என்னைய நெனைப்பியளா?"

முழங்காலை நீவிக்கொண்டார். பிள்ளைகளிடம் பேசும்போதும் இப்படித்தான் நிறுத்தி யோசிப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல" என்றார்.

நான் அடுத்த மீனை எடுத்தேன்.

"கீழ யாரையும் நெனைக்கக் கூடாது. நெனச்சா மூச்சு சீக்கிரம் தீந்துரும். எனக்கு அனுபவம் உண்டு."

"என்ன அனுபவம்?"

"பய வயித்துல இருக்கான். நீ ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போயிருந்த. கீழ போயிட்டு ஒன்னைய நெனச்சுட்டேன். அவ்வளவுதான், மூச்சு நிக்கல. வெறுங்கையோட மேல வந்தேன். ஒந்தம்பி என்ன அத்தான் அதுக்குள்ளன்னு கேட்டான். கீழ கலங்கலாக் கெடக்குன்னு சொன்னேன். மறுபடி எறங்கினேன். மறுபடியும் அதே மாதிரி. அன்னைக்கு ஒரு சங்குகூட எடுக்கல. அதுக்குப் பெறகு, தண்ணில தலைய விடுததுக்கு முன்னால ஒன்னைய மேலயே வச்சிட்டுப் போவப் பழகிட்டேன்."

எனக்குக் கண் எரிந்தது. மீன் கையால் துடைக்க முடியாது. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தேன்.

"இத அந்தப் பிள்ளையகிட்ட சொல்லிருக்கியளா?"

"அவங்களுக்கு இது எதுக்கு?" என்றார்.

அன்றைக்கு நெத்திலி முற்றத்திலேயே கிடந்தது. பூனை பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாக்கு ஒரு தடவை அவிழ்ந்துவிட்டால் அப்புறம் கஷ்டம் இல்லை. கயிறு அறுந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அந்தத் தலையணையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார், நானும் சொன்னேன். மத்தியானச் சோற்றுக்கு எங்கள் வீட்டில் ஊறுகாய்தான்.

கடைசியில் கல்லூரிக்குப் போகச் சொன்னேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். அங்கே எதைச் சொல்வதாக இருந்தாலும், முதலில் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இப்போது புது வருஷத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நிவேதா மேல்வகுப்புக்குப் போய்விட்டாள், மேடத்துக்கு உதவியாகக் கூடவே இருக்கிறாள். நான் இன்னும் வள்ளத்தில் ஏறவில்லை. ஏறுவேனா என்று தெரியாது. பொறாமை போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். அவரைச் 'சார்' என்று அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டால் இன்னமும் உள்ளே ஏதோ செய்கிறது.

ஆனால் வகுப்பு நாள் காலையில் காப்பித் தம்ளரோடு எனக்கு முன்னால் வந்து உட்கார்கிறார். அன்றைய பாடத்தைச் சொல்கிறார். நான் கேள்வி கேட்கிறேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, அதில் எனக்கு ரொம்பப் பிடித்ததைப் பிரித்தெடுத்து, இதை மட்டும் அங்கே சொல்ல வேண்டாம் என்று சொல்லி எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். அவரும் சரி என்கிறார்.

அது நிவேதாவுக்குக் கிடைக்காது. உங்களுக்கும்தான்.